ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கினால்

நம் திருகோணமலையில் காருக்கு நோய் இருப்பதே தெரியாது. நிலாவெளி வீதி தடவிவிட்டதுபோல் சமதரை, அதில் எந்தக் கார்தான் ஓடாது? என் பழைய கொரோலாவும் ஊருக்குள் நன்றாகப் பறந்து திரிந்துவிட்டு, குடும்பத்தோடு நுவரெலியா போனபோது றம்பொடை ஏற்றத்தில் படுத்துவிட்டது. பின்னால் பஸ்காரர் விடாமல் ஹோர்ன் அடிக்கிறார். ஓரம்கட்டி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது, இரண்டு கிலோமீற்றரில் திரும்பவும் அதே கதை. ஊருக்கு வந்து ஒரு கராஜில் விட்டேன். பிளக் நான்கையும் மாற்றினார்கள், பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில், பிறகு ஒக்சிஜன் சென்சர். காசு போனது, நோய் போகவில்லை.

ஆகவே சாமான் வாங்க முன் ஒன்றைப் பாருங்கள்: இழுவை குறையும் நேரத்தில், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது?

முள் மட்டும் விறுவிறுவென்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் எஞ்சினில் பிழை இல்லை, கிளச் வழுக்குகிறது. முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஹாண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, நான்காம் கியர் போட்டு, கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்துக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளச் நலம். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சத் தட்டும் கருகும். ஓட்டோ கியர் காருக்கு இந்தச் சோதனை சரிவராது, அதில் கியர் ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

முள்ளும் ஏறவில்லை, காரும் ஏறவில்லை என்றால்தான் எஞ்சின் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் செலவில்லாத வேலைகளை முடியுங்கள். கால்மிதி அக்சிலேட்டருக்குக் கீழே சுருண்டு கிடக்கிறதா? சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன். எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், வெளிச்சம் ஊடுருவாவிட்டால் அடைத்திருக்கிறது. பிறகு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீற்றர் ஓட்டிவிட்டு நான்கு சில்லுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடற்கரைக் காற்றில், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பர் துருப்பிடித்து இறுகுவது நமக்குப் புதிதில்லை.

அடுத்தது, பவர் எப்படிப் போகிறது என்பது. வெட்டி வெட்டிக் குலுக்கினால் பெரும்பாலும் நெருப்புப் பொறியில் கோளாறு. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாவுவது கஷ்டம், அதனால்தான் சமதரையில் சமாளிக்கிற பிளக்கும் கொயிலும் மலையில் காட்டிக்கொடுக்கின்றன. கொயிலின் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காரின் கோளாறுக் கோட்டை வாசிக்கும் ஸ்கேனரில் பி0300, அல்லது பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று வந்தால் சந்தேகம் சரி. செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் நிறுத்திவிடுங்கள், எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை உருக்கிவிடும்.

குலுக்காமல், விளக்கின் திரி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல அடங்கி, கொஞ்சம் ஓய்வு கொடுத்ததும் சரியாகிறதா? முதலில் பெற்றோல் வழியைச் சந்தேகியுங்கள். என் கார் செய்தது இதைத்தான், முதல் நாளே நான் அந்தக் கராஜ்காரரிடம் இதைச் சரியாகச் சொல்லியிருந்தால் கொயில் காசு மிஞ்சியிருக்கும். பம்பின் அழுத்தத்தை கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்கள். சாதாரண ஜப்பான் இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 பார் அளவில் இருக்கும், உங்கள் காரின் கணக்கை மனுவலில் பாருங்கள். சும்மா நிற்கும்போது எல்லாம் சரியாகவே காட்டும், எஞ்சின் இழுக்கும்போது விழுகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்கேனரில் பி0171 வந்திருந்தால் அதுவும் பெற்றோல் போதவில்லை என்பதற்கு ஒரு துப்பு, ஆனால் எங்காவது காற்றுக் கசிந்தாலும் அதே கோட் வரும். பம்பைக் குறை சொல்ல முன் அதன் கனெக்டரில் பற்றரி அளவுக்கு வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். பெற்றோல் லைனைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

எனக்குப் பம்ப் நன்றாகத்தான் இருந்தது. டாங்கிக்குள் பம்பின் அடியில் இருக்கும் வலை, தேத்தண்ணி வடி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றும் கானில் வாங்கியும் எதை எதை ஊற்றினோம் என்று யாருக்குத் தெரியும்.

ஓய்வு கொடுத்தும் சரியாகாமல், ஏற ஏற மோசமாகி, காருக்கு அடியில் கடும் சூடும் அடித்தால் கன்வேர்ட்டர் அடைத்திருக்கலாம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வாக்கியூம் கேஜ், நல்ல எஞ்சினில் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அடைப்புத்தான். ஏன் அடைத்தது என்று பார்க்காமல் புதியது போட்டால் அதுவும் அடைக்கும்.

அப்புறம் ஒன்று, நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடும், டர்போ இல்லாத எஞ்சினில் பவரும் அதே அளவு குறையும். அது நோய் இல்லை. ஏசியை நிறுத்தி, ஒரு கியர் இறக்கி ஏறுங்கள்.

சரி, திருத்திய பிறகு சோதிக்க றம்பொடை வரை போக வேண்டுமா? தேவையில்லை. உவர்மலை ஏற்றம் இதற்குக் கட்டை, கோணேசர் கோயில் ஏற்றத்தில் மான்கள் குறுக்கே வரும். வெறிச்சோடிய நேரத்தில் கண்டி வீதிக்குப் போய், நான்காம் கியரில் 40 இல் இருந்து முழுதாக மிதியுங்கள், பொறிக் கோளாறு இருந்தால் அதில் குலுக்கும். இரண்டாம் கியரில் 70 வரை இழுத்துப் பாருங்கள், பெற்றோல் போதாவிட்டால் அதில் அடங்கும். காரில் பாரம் வேண்டும். கன்னியா வெந்நீரூற்றுக்குக் குளிக்கப் போவோம் என்றால் மச்சான்மார் நாலு பேர் தானாக வந்து ஏறுவார்கள்.