"சும்மாதான் இருக்கேன்": வடசென்னையில் வேலைக் கணக்கெடுப்பு

பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்காகக் கணக்கெடுக்கக் கிளம்புகிறவர்கள் படிவத்தில் "வேலை செய்கிறீர்களா?" என்றிருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அக்கா ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்து, தைத்து வந்த நைட்டிகளில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பார். டஜன் கணக்கில் கூலி. வேலைக்குப் போறீங்களா என்று கேட்டால், கத்தரி நிற்காமலே, "இல்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார். "நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செஞ்சீங்க? அதுல எதுக்குக் காசு வரும்?" என்று கேளுங்கள், நைட்டி தானாக வெளியே வரும்.

அதற்கும் முன்னால் குடும்பத்தை எண்ணத் தெரிய வேண்டும். ராயபுரத்து ஒண்டுக்குடித்தனங்களில் ஒரே கதவு எண்ணுக்குள் நாலைந்து குடும்பம் இருக்கும். அடுப்பை எண்ணுங்கள், ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் விதியும் இதுதான். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். பகலில் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு. அதை விட்டால் வேலையில்லாதோர் கணக்கு ஊதிவிடும். மாலையில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று மூன்று தடவையாவது போய்ப் பாருங்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள், யாரும் பேச மாட்டார்கள்.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்பது ஒன்று. மற்றது கடந்த 365 நாள் நிலவரம். அதில் துணை வேலை கணக்கில் சேர 30 நாள் செய்திருக்க வேண்டும். காசிமேட்டில் இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. மே மாதம் 7 நாள் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் விசைப்படகுத் தொழிலாளி வேலையில்லாதவராகவோ, வலை பழுது பார்ப்பவராகவோ பதிவாவார். அந்தத் தடை இல்லாத எதிர்வீட்டு ஃபைபர் படகுக்காரர் அதே வாரம் மீனோடு திரும்பியிருப்பார். ஆகவே "மீனவர்" என்று எழுதி நிறுத்தாமல் படகின் வகையையும் எழுதுங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் "எங்க வேலை?" என்றால் பெரிய தொழிற்சாலையின் பெயரைத்தான் சொல்வார்கள். சம்பளம் யார் போடுறாங்க, கேட் பாஸில் யார் பேர் என்று கேட்டால் கான்ட்ராக்டர் வெளியே வருவார். டெலிவரி ஓட்டும் தம்பிகளிடம், ஆப்பில் தெரியும் தொகையை வருமானமாக எழுதாதீர்கள். பெட்ரோலையும் வண்டித் தவணையையும் தனித்தனியே கேளுங்கள்.

"உங்க வேலையை மெஷின் எடுத்துக்குமா?" என்ற கேள்விக்குப் பயம்தான் பதிலாக வரும். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 702 தொழில்களை முழுத் தொழிலாகவே எடைபோட்டு, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் ஆபத்தில் என்றார்கள். 2016இல் வேறு ஆய்வாளர்கள் ஒவ்வொரு வேலைக்குள்ளும் இருக்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்தபோது, 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம்தான் வந்தது. நம் படிவத்துக்கும் பணிதான் வேண்டும்.

கன்டெய்னர் யார்டு கிளார்க் ஒருவரின் 8 மணி நேரத்தை, அதாவது 480 நிமிடத்தை, ஆறேழு பணியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டி எண்ணைப் பதிவது, சீல் சரிபார்ப்பது, அடிபட்ட பெட்டியைப் படமெடுப்பது, டிரைவரோடு மல்லுக்கட்டுவது, ஏஜெண்டுக்குப் போன் போடுவது. எண்ணைப் படிக்கக் கேமரா ஏற்கெனவே வந்துவிட்டது. டிரைவரைச் சமாளிக்க இன்னும் ஆள்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிமிடம் எழுதிக் கூட்டினால் முதல் தடவை 480 வராது, 350க்கே தடுமாறும். விடுபட்டது பெரும்பாலும் லாரிக்கும் காகிதத்துக்கும் காத்திருந்த நேரம். அதை "ஓய்வு" என்று போட்டுவிடாமல் "காத்திருப்பு" என்று தனி வரியில் எழுதுங்கள்.