ஒரு பெட்டிக்கு எத்தனை படங்கள்?

சிவகாசியில் பெட்டி வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. "ஒரு டிசைன் போட்டுக் கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம், "அதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். ஆளுக்குத் தகுந்தபடி படம் மாறும். 200 கிராம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கிறுக்கல். தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, பென்சிலால் மனத்தில் வந்ததையெல்லாம் வரையுங்கள். ரப்பரைத் தொடாதீர்கள். இது உங்களுக்கு மட்டுமான படம்.

முதலாளிக்குக் காட்ட ஐசோமெட்ரிக் படம் போதும். செங்குத்துக் கோடுகளை அப்படியே நிறுத்தி, மற்ற இரு பக்கங்களையும் 30 டிகிரி சாய்த்தால் பெட்டி கண்முன் எழுந்து நிற்கும். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அச்சு (மோல்டு) செய்பவரிடம் இது செல்லாது. அவருக்கு முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றும் மில்லிமீட்டரில் வேண்டும். நம் நாட்டு வழக்கப்படி மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைவார்கள், அமெரிக்காவில் மேலே.

அடுத்தது டை லைன், அதாவது பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்த படம். வெட்டும் இடத்துக்கு முழுக்கோடு, மடிக்கும் இடத்துக்கு விட்டுவிட்டுப் போட்ட கோடு. வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வண்ணத்தை நீட்டுங்கள், இல்லாவிட்டால் கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். பசை ஒட்டும் மடிப்பில் மையோ வார்னிஷோ வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது மூடியில். மூடி பின்பக்கத்தோடு சேர்ந்திருந்தது. விரித்த படத்தில் பெயரை நேராக எழுதிவிட்டேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. 5,000 பெட்டி அச்சாகி மடித்த பிறகு கடைக்காரர் அழைத்தார்: "தம்பி, பெயர் சிரசாசனம் செய்கிறதே!" பின்பக்கத்தில் தொங்கும் மூடிக்கு எழுத்தைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். முன்பக்கத்தில் தொங்கினால் நேராக. அந்த மாதம் லாபம் குப்பைக்குப் போனது.

கடைசியாக, வாங்குபவருக்கான முகப்புப் படம். கடலைமிட்டாயைப் புகைப்படம் எடுத்தால் பெரும்பாலும் செங்கல் துண்டுபோல வரும். நான் கையால்தான் வரைவேன்: உடைந்த விளிம்பு, பாதியாகப் பிளந்த ஒரு பருப்பு, அதன் முதுகில் வெல்லப்பாகின் சிறு மினுமினுப்பு. உள்ளே இல்லாத முந்திரியை வரையச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். பார்கோடைச் சிவப்பில் போடவும் சொல்வார்கள். ஸ்கேனரின் ஒளியே சிவப்பு. கோடுகள் அதற்குத் தெரியாது.

அச்சுக்கு அனுப்புமுன் டை லைனை அதே அட்டையில் முழு அளவில் எடுத்து, வெட்டி, ஒட்டி, மிட்டாயை உள்ளே போட்டுக் கடைக்காரர் கையில் கொடுங்கள். அவர் ஒருமுறை திறந்து மூடும்வரை வாய் திறக்காதீர்கள்.