துப்பாக்கிக் கண்காட்சியில் ரீலோடிங் பொருள்கள் வாங்குவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சுட்டு முடித்த தோட்டாவில் மீண்டும் பயன்படக்கூடியது அதன் பித்தளை உறை மட்டுமே. அந்த உறையைச் சுத்தம் செய்து, அளவுக்குத் திருத்தி, புதிய பிரைமரும் (அடிபட்டதும் பொறி தந்து பற்றவைக்கும் சிறு கிண்ணம்), பவுடரும் (எரிந்து உந்தும் மருந்து), புல்லட்டும் (குழலிலிருந்து பாய்ந்து செல்லும் முனை) சேர்த்து மறுபடியும் தோட்டாவாக்கும் கலையை அமெரிக்காவில் ரீலோடிங் என்கிறார்கள். பிரைமரும் பவுடரும் ஆபத்தான சரக்கு என வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அவற்றை இணையத்தில் வாங்குபவர் அனுப்பும் செலவோடு தனியாக ஓர் ஆபத்துச் சரக்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு டப்பா பவுடர் தேவைப்படும் புதியவருக்கு இது பெரும் சுமை. அதனால்தான் பலரும் ஊருக்கு ஊர் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சிகளுக்கு நேரில் போகிறார்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் நவம்பரிலும், நடக்கும் வானன்மேக்கர் கண்காட்சி 11 ஏக்கர் பரப்பில் விரிவது. அங்கே 4,000க்கும் மேற்பட்ட மேசைகள் போடப்படுகின்றன. சிறிய நகரக் கண்காட்சிகளில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்றாலும், வாங்கும் முறை எங்கும் ஒன்றுதான்.

முதல் படி: உங்களுக்கு உரிமை உண்டா என்று பாருங்கள்

இதைப் படிப்பவர்களில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ அமெரிக்கா சென்ற தமிழர்கள் இருப்பீர்கள் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தோட்டா என்னும் சொல்லுக்குத் தரும் வரையறையில் முழுத் தோட்டாவோடு வெற்று உறை, பிரைமர், புல்லட், பவுடர் ஆகிய நான்கும் அடங்குகின்றன. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அதே சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு டப்பா பிரைமரைக்கூட வாங்காதீர்கள். பச்சை அட்டை பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்த விசாத் தடை கிடையாது. மாநிலச் சட்டங்கள் வேறுபடுவதால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானத்தில் போய்வர நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பிரைமரும் பவுடரும் கைப்பையிலும் அனுமதியில்லை, சரக்குப் பெட்டியிலும் அனுமதியில்லை. காரில் போக முடிந்த கண்காட்சியையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே பட்டியல் எழுதுங்கள்

பவுடர் நிறுவனமோ புல்லட் நிறுவனமோ வெளியிட்ட ரீலோடிங் கையேடு ஒன்றை முதலில் வாங்கிப் படியுங்கள். நீங்கள் சுடும் தோட்டா வகைக்கு எந்த பிரைமர், எந்தெந்த பவுடர்கள், எந்த எடை புல்லட் என்பதை அதிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பவுடரின் பெயரோடு போனால் அது கிடைக்காதபோது விற்பவர் பரிந்துரைப்பதை வாங்கத் தோன்றும் என்பதால், கையேடு ஒப்புக்கொள்ளும் மூன்று நான்கு பவுடர்களையாவது குறித்துக்கொள்வது நல்லது.

விலையையும் கணக்குப் போட்டு வையுங்கள். பவுடரைக் கிரெய்ன் என்னும் அளவில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு 5 கிரெய்ன் செலவாகும் கைத்துப்பாக்கி வகையானால் ஒரு பவுண்டு டப்பாவில் 1,400 தோட்டாக்கள் வரும். 40 கிரெய்ன் செலவாகும் ரைபிள் வகையானால் 175 மட்டுமே. ஆயிரம் பிரைமர்களை 80 டாலர் என்று ஒருவர் சொன்னால் ஒன்று 8 சென்ட். இணையக் கடைகளின் அன்றைய விலையை, ஆபத்துச் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்து, பக்கத்தில் எழுதி வைத்தால் எந்த மேசையில் நியாயமான விலை என்பது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

நுழைவுக் கட்டணத்துக்கும் பொருளுக்கும் ரொக்கமாகவே, சிறிய நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கி கொண்டுவருபவர்கள் வாசலில் அதைக் காலி செய்து காட்ட, ஊழியர்கள் பிளாஸ்டிக் பட்டியால் அதைப் பூட்டிவிடுவது வழக்கம். மேசையில் உள்ள எதையும் கேட்காமல் தொடக்கூடாது. அரங்கை ஒரு முறை முழுதும் சுற்றி, ரீலோடிங் பொருள் விற்கும் மேசைகளையும் விலைகளையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே வாங்கத் தொடங்குங்கள். சனிக்கிழமை காலையில் தேர்வு அதிகம். ஞாயிறு பிற்பகலில் கனமான சரக்கைத் திரும்ப ஏற்றிச் செல்ல விரும்பாதவர்கள் விலையைக் குறைப்பார்கள். பிரைமருக்கும் பவுடருக்கும் சனிக்கிழமையும், பிரஸ் (உறையை அழுத்தித் திருத்தும் கைப்பிடி இயந்திரம்), புல்லட் போன்ற கனமான பொருள்களுக்கு ஞாயிறும் ஏற்றவை என்பது என் கருத்து.

நான்காம் படி: பிரைமர்

பிரைமர்கள் நூறு நூறாகத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, ஆயிரம் கொண்ட அட்டைப்பெட்டியாக வருகின்றன. சிறிய பிஸ்டல், பெரிய பிஸ்டல், சிறிய ரைபிள், பெரிய ரைபிள் என அடிப்படையில் நான்கு வகைகள். சிறியவை இரண்டும் 0.175 அங்குல விட்டமும் பெரியவை இரண்டும் 0.210 அங்குல விட்டமும் உடையவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைந்துவிடும். ஆனால் ரைபிள் பிரைமரின் உலோகக் கிண்ணம் கடினமானது, பெரிய ரைபிள் பிரைமரோ பெரிய பிஸ்டல் பிரைமரைவிடச் சற்று உயரமானது. கையேட்டில் உள்ள வகையைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். தட்டிலிருந்து எடுத்து ஜாடியிலோ பையிலோ கொட்டி வைத்த பிரைமர்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அவை எந்த வகை என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றோடொன்று உரசும்போது ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம்.

ஐந்தாம் படி: பவுடர்

கண்காட்சியில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். முத்திரை உடையாத, நிறுவனத்தின் அசல் டப்பாவில் உள்ள பவுடரை மட்டும் வாங்குங்கள். திறந்த டப்பாவில் இருப்பது அதன் மேல் எழுதியிருக்கும் பவுடர்தானா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வல்லுநராலும் முடியாது. மெதுவாக எரியும் பவுடருக்கான அளவில் வேகமாக எரியும் பவுடரை நிரப்பினால் துப்பாக்கி வெடித்துச் சிதறும். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள நல்ல மனிதர் ஒருவர் பாதி டப்பாவைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எச் 4831, ஐஎம்ஆர் 4831 என்று இரண்டு பவுடர்கள் உள்ளன. எண் ஒன்றாயினும் இரண்டும் எரியும் வேகம் வேறு. ஐஎம்ஆர் சற்று வேகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய இராணுவப் பவுடரை வாங்கி விற்றுத் தொழில் தொடங்கிய ஹாட்ஜ்டன் நிறுவனம் இராணுவ எண்ணையே தன் எச் பவுடருக்கு வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. 4895, 4350 ஆகிய எண்களிலும் இதே போன்ற இரட்டைப் பெயர்கள் உண்டு.

டப்பாவின் மூடியிலோ விளிம்பிலோ துரு தெரிந்தால் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் அமில நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அந்தப் பவுடர் கெட்டுவிட்டது. ஒன்றுக்கு மேல் வாங்குவதானால் டப்பாக்களில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் உள்ளதா என்று பாருங்கள். தொகுதி மாறினால் அளவை மறுபடியும் தாழ்விலிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டும்.

ஆறாம் படி: பித்தளை உறைகள்

ஒரு சிறு காந்தமும் கொக்கிபோல் வளைத்த ஒரு காகிதக் கிளிப்பும் எடுத்துச் செல்லுங்கள். காந்தத்தில் ஒட்டுபவை எஃகு உறைகள், அவற்றை ஒதுக்குங்கள். ஒட்டாத அலுமினிய உறைகளும் உண்டு, அவை வெள்ளி நிறத்தில் இருக்கும். உறைக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் நடுவே ஒரே துளை தெரிய வேண்டும். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் முறை உறை; வழக்கமான கருவிகளால் அதன் பிரைமரைத் தள்ளி எடுக்க முடியாது.

ரைபிள் உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் உள்ளே உலோகம் மெலிந்து அறுந்துபோகும் நிலையில் இருக்கலாம். கிளிப்பின் நுனியை உட்சுவரில் தேய்த்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்த உறை குப்பைக்கு. ஒரு முறை மட்டும் சுட்டது என்னும் அட்டையை நம்பிவிடாமல், பையில் கைவிட்டு அடியிலிருந்து சிலவற்றை எடுத்துப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். அடியில் எல்சி என்று பொறித்த உறைகள் மிசூரியில் உள்ள லேக் சிட்டி இராணுவத் தொழிற்சாலையில் செய்தவை. தரமானவைதான், ஆனால் பிரைமரைச் சுற்றி உலோகத்தை அழுத்தி இறுக்கியிருப்பார்கள், அதை நீக்க ஒரு வேலை கூடும். எடைக்கு விற்பவரிடம் வாங்கினால் 9 மிமீ உறைகள் ஒரு பவுண்டுக்குச் சுமார் 115 வரும்.

புல்லட்டில் அதிகச் சிக்கலில்லை. விட்டமும் எடையும் உங்கள் பட்டியலோடு பொருந்தினால் போதும். 9 மிமீ தோட்டாவுக்கு 0.355 அங்குலம், 38 ஸ்பெஷல் என்னும் ரிவால்வர் தோட்டாவுக்கு 0.357.

ஏழாம் படி: கருவிகள்

பழைய பிரஸ் வாங்கத் தயங்க வேண்டாம். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற வார்ப்பிரும்பு பிரஸ்கள் தலைமுறைகளைத் தாண்டி உழைப்பவை. கைப்பிடியை முழுதும் இழுத்து, தண்டு ஆடாமல் மேலும் கீழும் போகிறதா என்றும் இரும்பில் விரிசல் இல்லையா என்றும் பாருங்கள். பிரஸ்ஸில் திருகிப் பொருத்தி உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகளான டைகளில் பெரும்பாலானவை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் கொண்ட ஒரே மரை என்பதால் எந்த நிறுவனத்தின் டையும் பெரும்பாலும் பொருந்தும். உட்புறம் துருவோ கீறலோ இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். தராசை மட்டும் புதிதாகவே வாங்குங்கள், சரிபார்க்கும் எடைக்கற்களோடு.

யாரோ வீட்டில் செய்து பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் ரீலோடு தோட்டாக்கள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

வெயிலில் நிறுத்திய காரில் பவுடரை மணிக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பின்படி ஒரு வீட்டில் அசல் டப்பாக்களில் 20 பவுண்டு வரை புகையற்ற பவுடர் (இங்கே பவுடர் என்று சொல்லிவருவது இதைத்தான்) வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைக்க ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர்களுக்கு வரம்பு 10,000. காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் பவுடரை அடைத்தால், தீப்பிடிக்கும்போது அழுத்தம் வெளியேற வழியின்றி அது குண்டாகிவிடும். பிரைமரையும் பவுடரையும் தனித்தனியே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வாங்கிய நாளை ஒவ்வொரு டப்பாவிலும் எழுதிவிட்டு, தொகுதி எண்களை உங்கள் ரீலோடிங் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள்.