பாண்ட் பட விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021இல் வெளியான 'நோ டைம் டு டை' ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் 25ஆவது படம். பாண்ட் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் பேச்சு அதன் கடைசிக் காட்சியில்தான் போய் முட்டுகிறது. அந்தக் காட்சியைப் பற்றி இங்கே வெளிப்படையாகவே பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இப்படி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லாமல் முடிவைப் போட்டு உடைப்பதுதான் இந்த விவாதங்களில் நடக்கும் முதல் தவறு.

அந்தக் கடைசிக் காட்சியில் பாண்ட் இறந்துவிடுகிறான். படம் பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தப் படத்தின் மேல் வைக்கும் பல குற்றச்சாட்டுகள், படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியவை.

அவற்றில் பெரியது, 1962இல் 'டாக்டர் நோ'வில் தொடங்கிய அத்தனை படங்களையும் ஒரே மனிதனின் வாழ்க்கையாக எண்ணுவது. "ஷான் கானரி காலத்திலிருந்து வந்த பாண்டைக் கொன்றுவிட்டார்களே" என்று கொதிக்கிறார்கள். 2006இல் 'கசினோ ராயல்' வந்தபோதே கதை புதிதாகத் தொடங்கிவிட்டது. கொல்லும் உரிமமே அந்தப் படத்தில்தான் அவனுக்குக் கிடைக்கிறது. 'குவாண்டம் ஆஃப் சோலஸ்', 'ஸ்கைஃபால்', 'ஸ்பெக்டர்', அப்புறம் இந்தப் படம் என்று டேனியல் கிரேக் நடித்த ஐந்தும் ஒரு தனிக்கதை. இறந்தது அந்தக் கதையின் பாண்ட். அதனால்தான் படம் முடிந்த பிறகும் 'ஜேம்ஸ் பாண்ட் திரும்ப வருவார்' என்ற வரி திரையில் வர முடிகிறது. இந்தக் குழப்பத்துக்குப் படக்குழுவும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பியர்ஸ் பிராஸ்னன் காலத்தில், 1995இல் 'எம்' என்ற உளவுத்துறைத் தலைவர் பதவிக்கு வந்த ஜூடி டென்ச்சைப் புதுக்கதையிலும் அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'ஜேம்ஸ் பாண்ட்' என்பது உளவுத்துறை வைக்கும் புனைபெயர், ஒவ்வொரு நடிகரும் வேறு வேறு ஆள் என்ற வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, படங்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. 1969இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் ஜார்ஜ் லேசன்பியின் பாண்ட் மணந்துகொண்ட டிரேசி கொல்லப்படுகிறாள். 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' தொடங்கும்போது ரோஜர் மூர் போய் நிற்பது அவள் கல்லறையில்தான். 'ஸ்கைஃபால்' படத்தில் அவன் பெற்றோரின் கல்லறையிலேயே பாண்ட் என்று பொறித்திருக்கிறது. கைமாறுவது 007 என்ற எண் மட்டும். 'நோ டைம் டு டை'யில் லஷானா லின்ச் நடித்த உளவாளி நோமிக்கு அந்த எண் போனதைப் பார்த்து, பாண்டையே பெண்ணாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் போட்டவர்கள் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. எண்ணை அவனுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்பவளும் நோமிதான்.

"இயன் ஃபிளெமிங் எழுதிய பாண்டுக்குக் காதலும் குழந்தையும் ஏது?" என்ற வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. நாவல்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். 1953இல் வந்த முதல் நாவலான 'கசினோ ராயல்'லிலேயே காதலி வெஸ்பரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறான். 1957இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவல், விஷம் ஏறி அவன் தரையில் சாய்வதோடு முடிகிறது. 1964இல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் நச்சுச் செடிகள் நிறைந்த ஒரு தோட்டம் வருகிறது, பாண்ட் இறந்துவிட்டான் என்று நம்பிப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வருகிறது, அவனுக்கே தெரியாமல் அவன் குழந்தையை ஒரு பெண் சுமக்கிறாள். இந்தப் படத்தின் நச்சுத் தோட்டம், குழந்தை, மரணம் எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். பழைய படங்களையும் மறந்துவிடவில்லை. டிரேசியின் கதைக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டு, இந்தப் படத்தின் முடிவில் மறுபடி ஒலிக்கிறது.

"தப்பித்திருக்கலாமே, வீணாகச் செத்தான்" என்பதும் அவசரப் பேச்சு. வில்லனின் தீவில் மூடிக்கொண்ட கதவுகளைத் திறக்காவிட்டால் ஏவுகணைத் தாக்குதல் பலிக்காது. உடம்பில் குண்டுக் காயங்கள். அதைவிட, அவன் உடம்பில் ஏறிய நானோ இயந்திரங்கள் அவன் காதலி மேடலினையும் மகளையும் கொல்லக் குறிவைத்துச் செய்தவை. தப்பித்தாலும் அவர்களை அவன் தொடவே முடியாது. குறை சொல்ல வேண்டுமானால் வில்லனைச் சொல்லுங்கள். ராமி மாலிக் நடித்த சாஃபின் மேடலினைப் பழிவாங்க வந்தவனா, உலகத்தையே அழிக்க வந்தவனா என்று கடைசிவரை தெளிவில்லை. 163 நிமிடம் ஓடும் படத்துக்கு இது உண்மையான பலவீனம்.

வசூலை வைத்துத் தீர்ப்பு சொல்வதும் வேண்டாம். 2020 ஏப்ரலில் வரவேண்டிய படம் பெருந்தொற்றால் தள்ளித் தள்ளிப் போய், பலர் தியேட்டருக்கு வரத் தயங்கிய காலத்தில் வந்தது. 2012இல் 100 கோடி டாலர் தாண்டிய 'ஸ்கைஃபால்' பக்கத்தில் அதை நிறுத்துவது நியாயமில்லை. எண்ணிக்கையிலும் சிலர் தடுமாறுகிறார்கள். 1983இல் கானரி மீண்டும் நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' வேறு தயாரிப்பாளர்கள் எடுத்தது, இந்த 25இல் சேராது.

முதல் வாரத் தீர்ப்பை நம்பிவிடுவதும் பழைய வியாதி. லேசன்பி ஒரே படத்தோடு ஒதுங்கினார். அவர் நடித்ததை இன்று பல ரசிகர்கள் வரிசையின் சிறந்த படங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். 2005இல் கிரேக்கை அறிவித்தபோது முடி பொன்னிறமாக இருக்கிறதென்று புறக்கணிப்புப் பிரச்சாரமே நடந்தது. அடுத்த ஆண்டு 'கசினோ ராயல்' வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

சரி, அடுத்த படம்? 2025இல் படங்களை எப்படி எடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அமேசான் கைக்குப் போனது, டெனி வில்நுவ் இயக்குவார் என்று அதே ஆண்டு அறிவித்தார்கள். அடுத்த பாண்ட் இவர்தான் என்று கிளம்பும் பெயர்களைக் கேட்டதும் அணி பிரிந்து அடித்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பாளர்கள் வாயிலிருந்து வராதவரை எந்தப் பெயரும் வதந்திதான்.