பேவரை நிறுத்தாதீர்கள்: தார் விரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் தார் வேலைக்கு ஏற்ற காலம் மாசியில் தொடங்கி வைகாசியோடு முடிந்துவிடும். ஆனி பிறந்தால் தென்காசி, கடையம் பக்கம் சாரல் விழும். வள்ளியூர், பணகுடி பக்கம் காற்று ஆளைத் தள்ளும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பாலிடெக்னிக் முடித்த தம்பிகள் பலர் சைட்டுக்கு வந்து சேர்வதும் இந்த மாசி முதல் வைகாசி வரையான காலத்தில்தான். தாரைச் சோதிக்கும் முறைகளைப் பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். சாலையில் தார்க்கலவையை விரித்துக்கொண்டு ஓடுகிற பேவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவும், ஹெல்பராகச் சேர்ந்து ஆபரேட்டராக வர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. ஓடத் தொடங்கிய பேவர் ஒரே சீராக ஓட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்

மெஷின் ஆஃப் ஆகி நிற்கும்போது முன்னாலிருந்து பின்னால் நடந்து பாருங்கள். முன்பக்கம் இரண்டு உருளைகள் இருக்கும். டிப்பரின் பின்சக்கரம் அவற்றில்தான் முட்டி நிற்கும். அதற்கு மேலே ஹாப்பர். டிப்பர் கொட்டும் சூடான கலவை, அதாவது தாரும் ஜல்லியும் சேர்ந்தது, இதில் விழும். ஹாப்பரின் அடியில் ஓடும் கன்வேயர் கலவையைப் பின்னால் கொண்டுவரும். அங்கே குறுக்கே கிடக்கும் திருகுத் தண்டு இடமும் வலமுமாகக் கலவையைப் பரப்பும். இதைச் சிலர் ஆகர் என்பார்கள், சிலர் ஸ்குரூ என்பார்கள். அதற்கும் பின்னால், அகலமான இரும்புத் தகட்டோடு தரையில் படுத்திருப்பதுதான் ஸ்கிரீட். சாலையின் மட்டம், தடிமன், வாட்டம் (குறுக்குச் சரிவு) எல்லாம் இந்தத் தகட்டின் அடியில்தான் தீர்மானமாகின்றன.

ஸ்கிரீட் மிதக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பேவரைத் தொட வேண்டாம் என்பேன். ஸ்கிரீட்டை மெஷினோடு இறுக்கிப் பூட்டி வைத்திருப்பதில்லை. இரண்டு பக்கமும் நீண்டு முன்னே போகும் இரும்புக் கைகள் அதை இழுத்துக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். பின்பக்கம் அது கலவையின் மேலேயே மிதந்து வருகிறது. 1930களில் அமெரிக்காவின் பார்பர் கிரீன் நிறுவனம் உருவாக்கிய இந்த ஏற்பாடுதான் இன்றைய சென்சார் பேவர் வரைக்கும் அடிப்படை.

மிதக்கும் உயரத்தைச் சில விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஸ்கிரீட்டின் எடை, அது முன்விளிம்பைத் தூக்கி நிற்கும் சாய்வு, எதிரே குவிந்திருக்கும் கலவையின் அளவு, இழுக்கும் வேகம், கலவையின் சூடு. கொத்தனார் சுவரில் மணியாசுக் கட்டையை இழுக்கும்போது முன்விளிம்பைச் சற்றே தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கினால் பூச்சு தடிக்கும், படுக்கப் போட்டால் மெலியும். ஸ்கிரீட்டும் அதே நியாயத்தில்தான் நடக்கிறது.

இந்தச் சாய்வை மாற்றத்தான் இரண்டு பக்கமும் தடிமன் திருகு இருக்கிறது. அதைத் திருப்பியவுடன் தடிமன் மாறிவிடாது. இழுக்கும் கையின் நீளம் எவ்வளவோ, அந்த நீளத்துக்கு மெஷின் ஒருமுறை நகர்ந்தால் மாற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். முழுவதும் வர அந்த நீளத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் போக வேண்டும். கை 3 மீட்டர் என்றால் 15 மீட்டர்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தடிமனை அளக்க விரிப்பில் கம்பியைக் குத்திப் பார்க்கிறார்கள், 5 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரு திருப்புத் திருப்புகிறார்கள். 2 மீட்டர் போய் மறுபடி குத்துகிறார்கள், இன்னும் குறைகிறது, இன்னொரு திருப்பு. பத்தாவது மீட்டரில் இரண்டு திருப்பும் சேர்ந்து வேலை செய்ய, தடிமன் எகிறிவிடும். பிறகு இறக்குவார்கள். அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஊஞ்சலில் ஆடுவதுபோல ஆடிக்கொண்டு போவார்கள். “அண்ணாச்சி, இன்னும் ஒரு திருப்புத் திருப்பட்டுமா?” என்று ஹெல்பர் கேட்டால், “பொறு, போனது முதலில் வந்து சேரட்டும்” என்று சொல்லும் ஆபரேட்டரிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: முந்தின நாளே கணக்குப் போடுங்கள்

இறுகிய கலவை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் இருக்கும். 3.75 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் தடிமன், 100 மீட்டர் நீளம் என்றால் 15 கன மீட்டர். அதாவது 36 டன். ஒரு மீட்டருக்கு 0.36 டன். இந்த ஓர் எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 16 டன் டிப்பர் ஒன்று ஏறக்குறைய 44 மீட்டர் போக வேண்டும். 38 மீட்டரில் தீர்ந்துவிட்டால் தடிமனாக விரிக்கிறீர்கள். 50 போனால் மெலிந்துவிட்டது. கம்பி குத்திப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது என்பது என் கருத்து. கம்பி ஒரு புள்ளியைத்தான் சொல்லும்.

அடுத்தது வேகம். கலவை தயாரிக்கும் பிளாண்ட் மணிக்கு 60 டன் தந்தால் நிமிடத்துக்கு 1 டன். அதை 0.36 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2.8 மீட்டர் வருகிறது. பேவரின் வேகம் இதுதான். மெஷின் இன்னும் வேகமாக ஓடும்தான். ஓட்டினால் கலவை தீர்ந்து, அடுத்த டிப்பருக்காகக் காத்து நிற்க நேரிடும்.

டிப்பர் எத்தனை வேண்டும்? பணகுடிப் பக்கம் பிளாண்ட், திசையன்விளைப் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற 16 நிமிடம், வர 50, இறக்க 16, திரும்பிப் போக 40. மொத்தம் 122 நிமிடம். 16 நிமிடத்துக்கு ஒரு லோடு தேவை என்பதால் 122ஐ 16 ஆல் வகுக்க ஏழரைக்கு மேல் வருகிறது. எட்டு டிப்பர் வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் நிம்மதி. ஐந்து டிப்பரை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

படி 2: தரையும் வானிலையும்

பழைய தார்த் தரை என்றால் தூசி போகக் கூட்டி, காற்றால் ஊதி, புது விரிப்பு ஒட்டுவதற்காக எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ. 100 மீட்டருக்கு, அதாவது 375 சதுர மீட்டருக்கு, 75 முதல் 112 கிலோ பிடிக்கும். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்ததும் கறுத்துவிடும். கறுக்கும்வரை டிப்பரை அதன்மேல் ஏற விடாதீர்கள். உவரி, திசையன்விளைப் பக்கத் தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து, தெளித்த எமல்ஷன்மேல் படிந்துவிடும். படிந்துவிட்டால் ஒட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அந்தப் பகுதியில் பேவருக்கு முன்னால் குறைந்த நீளத்துக்கே தெளித்துக்கொண்டு போங்கள்.

தரை ஈரமாக இருந்தால், மழை வரும்போல் இருந்தால் விரிக்கக் கூடாது. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்கிறது. காற்றாலைகள் சுழலும் ஊரில் இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி இல்லை. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் வேலை வந்தால் விடியற்காலையில் காற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெயில் சுடுகிறது, கலவை ஆறாது என்று நினைத்துவிட வேண்டாம். 40 மில்லிமீட்டர் மெல்லிய விரிப்பைக் காற்று வெகு வேகமாக ஆற்றிவிடும்.

படி 3: ஸ்கிரீட்டை உட்கார வைப்பது

ரோலர் ஓடியபின் தடிமன் 40 மில்லிமீட்டர் வேண்டுமானால், விரிக்கும்போது சுமார் 50 இருக்க வேண்டும். ஆகவே 50 மில்லிமீட்டர் கனமுள்ள மரக்கட்டைகளைத் தகட்டின் இரண்டு ஓரத்திலும் வையுங்கள். ஏற்கெனவே இறுகிய பழைய முனையிலிருந்து தொடங்கினால் அந்த முனையின்மேல் 10 மில்லிமீட்டர் பட்டை போதும். ரோலர் ஓடும்போது இறங்கும் உயரம் அவ்வளவுதான்.

ஸ்கிரீட்டைக் கட்டைமேல் இறக்குங்கள். தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை விடுவியுங்கள். முழு எடையும் கட்டைமேல் விழ வேண்டும். மெஷினை ஒரு நூல் அளவு முன்னே நகர்த்தி, இழுக்கும் கைகளின் தளர்ச்சியை எடுங்கள். இப்போது தடிமன் திருகை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். சுமையே இல்லாமல் லேசாக ஆடும் ஓர் இடம் கைக்குத் தட்டுப்படும். தகடு தட்டையாகப் படுத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கிருந்து முன்விளிம்பு சற்றே எழும்படி கொஞ்சம் திருப்புங்கள். எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்; ஆபரேட்டரிடம் கேட்டு, அவர் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பிறகு சூடேற்றுங்கள். கேஸ் பர்னரோ மின்சாரமோ, தகடு கலவையின் சூட்டை நெருங்க வேண்டும். தகடு ஆறியிருந்தால் கலவை அதில் ஒட்டிக்கொண்டு, விரிப்பின் மேற்பரப்பைக் கிழிக்கும். அதிகம் காய்ச்சினால் தகடே வளைந்துவிடும். கலவை ஓடத் தொடங்கியபின் அதன் சூடே தகட்டைக் காக்கும், பர்னரை அணைத்துவிடலாம்.

படி 4: டிப்பரை வாங்குவது

தார்ப்பாயை விலக்குமுன் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். விஜி 30 ரகத் தார் என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நீல நிறப் புகை எழுந்தால் கலவை கருகியிருக்கிறது. மினுமினுப்பு இல்லாமல் கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. தொட்டியில் ஒட்டாமலிருக்க டீசல் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. டீசல் தாரைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

டிப்பர் பேவரில் வந்து மோதக் கூடாது. இரண்டடி முன்னாலேயே நின்று, கியரை நியூட்ரலில் போட வேண்டும். பேவர்தான் போய் உருளையால் அதைத் தொட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மோதினால் அந்த அதிர்ச்சி ஸ்கிரீட்டில் இறங்கி, சாலையின் குறுக்கே ஒரு கோடாக நின்றுவிடும். டிப்பர் பின்னால் வரும்போது ஹாப்பருக்கும் அதற்கும் இடையில் ஒருவரும் நிற்கக் கூடாது. சைகை காட்டுபவர் ஒருவர்தான். அவரும் டிரைவர் கண்ணுக்குத் தெரியும் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

படி 5: ஓட்டம்

திருகுத் தண்டின் அச்சு பாதி மறையும் அளவுக்குக் கலவை இருக்கட்டும். நகரத் தொடங்குமுன் இந்த அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் அதே அளவைக் காப்பாற்றுங்கள். தண்டு முழுவதும் மூழ்கினால் ஸ்கிரீட் ஏறும். தண்டின் அடி தெரிந்தால் இறங்கும். திருகை யாருமே தொடாமல் தடிமன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

ஹாப்பரைக் காலியாக விடாதீர்கள். ஒவ்வொரு டிப்பர் போனதும் பக்கச் சிறகுகளை மடித்து ஓரத்துக் கலவையை உள்ளே தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஓரத்தில் கிடப்பது ஆறிய பெரிய ஜல்லி. அது சாலையில் விழும் இடம் சொரசொரப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். முதல் மழையில் ஜல்லி பெயர்வதும் அங்கேதான். கன்வேயர் தெரியுமுன்பே அடுத்த டிப்பரை வாங்கிவிட்டால் சிறகை மடிக்கவே தேவையில்லை.

சென்சார் பேவர் கட்டிய நூலையோ பக்கத்தில் ஓடும் சட்டத்தையோ பார்த்துத் தடிமனைத் தானே திருத்திக்கொள்ளும். வாட்டத்தையும் பார்த்துக்கொள்ளும், 2.5 சதவீத வாட்டமென்றால் 3.5 மீட்டரில் ஏறக்குறைய 88 மில்லிமீட்டர் இறக்கம். ஆனால் நூல் தொய்ந்திருந்தால் தொய்வையும் அது அப்படியே சாலையில் வரைந்துவிடும். நூலை ஒருவர் கண்ணால் நோக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

டிப்பர் வரத் தாமதமாகிறது என்று தெரிந்தால், நிற்பதைவிட வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போவது நல்லது. நின்றுதான் ஆக வேண்டுமானால் ஹாப்பரில் கலவை இருக்கும்போதே நில்லுங்கள். நேரம் நீண்டு, தகட்டின் கீழே உள்ள கலவை ஆறிவிட்டால், துணிந்து அங்கேயே முனையை வெட்டி, புதிதாகத் தொடங்குங்கள்.

படி 6: இணைப்புகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளம் சாலையின் அடிமண்ணையே அரித்துக்கொண்டு போகும்போது மேலே விரித்த தாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான ஐப்பசி மழைக்கே சாலை பெயர்கிறது என்றால் பெரும்பாலும் இணைப்புக் கோட்டைப் பாருங்கள். தண்ணீர் இறங்க வாசல் அதுதான்.

குறுக்கு இணைப்பில், முந்தின நாள் சரிவாக முடிந்த முனையைத் தடிமன் குறையாத இடம்வரை நேராக வெட்டி எடுத்துவிட்டு, வெட்டு முகத்தில் எமல்ஷன் பூசித் தொடங்க வேண்டும். நீள இணைப்பில் பழைய விரிப்பின்மேல் 25 முதல் 50 மில்லிமீட்டர் ஏறி விரியுங்கள். ரேக் பிடிப்பவர் ஏறியதைக் கோட்டோடு நெருக்கித் தள்ளினால் போதும். வாரி இறைக்கக் கூடாது. இறைத்த ஜல்லி ஆறி, ரோலரடியில் நொறுங்கும்.

படி 7: ரோலர்

அது தனிப் பாடம். பேவரோடு ஒட்டியதை மட்டும் சொல்கிறேன். முதல் ரோலர் 8 முதல் 10 டன் இரும்புச் சக்கரம். என்ஜின் விசையில் சுழலும் சக்கரம் பேவரைப் பார்த்திருக்க, வாட்டத்தின் தாழ்ந்த ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஓட்ட வேண்டும். பின்னாலேயே டயர் ரோலர். மேடுபள்ளத்தை 3 மீட்டர் சட்டம் வைத்துச் சூடாக இருக்கும்போதே பாருங்கள். 90 டிகிரிக்குக் கீழே போகுமுன் உருட்டி முடிக்க வேண்டும். சூடான விரிப்பில் ரோலரை நிறுத்தி வைக்காதீர்கள். முழுத் தடிமனும் 60 டிகிரிக்கு ஆறும்வரை வண்டிகளை விட வேண்டாம்.

படி 8: வேலை முடிந்ததும்

ஹாப்பர், கன்வேயர், திருகுத் தண்டு மூன்றையும் கலவை தீரும்வரை ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே கை விடுமுன் என்ஜின் நின்று, சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். கழுவுகிற எண்ணெய் புது விரிப்பில் சிந்தாதபடி மெஷினை ஓரங்கட்டுங்கள். பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் தெளிக்கவே கூடாது.

செருப்போடு யாரையும் விரிப்பின் பக்கம் விடாதீர்கள்; கனமான பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். தார் தோலில் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதற்காகவே தண்ணீர் நிறைந்த ஒரு டிரம் ஸ்கிரீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் வர வேண்டும். குடிக்கும் தண்ணீர் வேறு கேனில் இருக்கட்டும்.

ஸ்கிரீட்டைக் கட்டைமேல் இறக்கி வைத்துவிட்டு, நாளைய முதல் டிப்பர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பிளாண்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.