தொப்பி உச்சியில் மூலை விழாமலிருக்க

அக்கா குழந்தைக்குக் குரோஷே தொப்பி பின்னினேன். பினாங்கு வெயிலுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூல்தான். வட்டமாக வரவேண்டிய உச்சி அறுகோணமாக வந்தது. சுற்றுக்கு 6 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு முடிச்சு) கூட்டுகிறோம். அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மூலை தெரியும்.

சரி, இடத்தை மாற்றினேன். 30 கண்ணியை 36 ஆக்க, முதலில் 2 சாதாரணக் கண்ணி, அடுத்ததில் இரட்டை, அதாவது ஒரே கண்ணியில் இரண்டு கண்ணி. அப்புறம் 4 சாதாரணம், ஓர் இரட்டை என்று 5 முறை. கடைசியில் மிச்சம் 2. இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று செய்ததும் உச்சி அழகாக உருண்டது.

குறைக்கும்போதும் இதே கணக்குதான். இரண்டு கண்ணியைச் சேர்க்கையில் ஊசியை முன்பக்க இழைகளில் மட்டும் விடுங்கள், ஓட்டை தெரியாது.