கேமில் டிஃபிகல்டியை இறக்குவது எப்படி: எதை, எங்கே, எவ்வளவு

புது கேமைத் திறந்ததும் முதல் திரையிலேயே ஈஸியா, நார்மலா, ஹார்டா என்று கேட்டுவிடுகிறார்கள். ஒரு அடிகூட வாங்காதவர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பெரும்பாலானோர் நார்மலைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். அதில் தவறில்லை. பத்து மணி நேரம் கழித்து ஒரே இடத்தில் இருபது முறை செத்த பிறகும் அந்தத் தேர்வைத் தொடாமல், கேமையே அன்இன்ஸ்டால் செய்வதுதான் தவறு. காசு கொடுத்து வாங்கிய கதையின் பாதி அப்படியே பார்க்காமல் கிடக்கும்.

ஈஸி, ஹார்ட் என்ற பெயர்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த எண் மாறுகிறது என்று பாருங்கள். ஸ்கைரிமில் அடெப்ட் என்பது நடு நிலை; உங்கள் அடியும் எதிரியின் அடியும் அதில் உள்ளது உள்ளபடி விழும். லெஜண்டரிக்குப் போனால் உங்கள் அடி கால் பங்காகிவிடும், எதிரியின் அடி மூன்று மடங்காகும். பத்து வெட்டில் சாகவேண்டியவன் நாற்பது வெட்டு வாங்குவான். அவன் அறிவு ஒரு துளியும் கூடியிருக்காது. நோவிஸில் நேர்மாறு: உங்கள் அடி இரண்டு மடங்கு, வாங்கும் அடி பாதி. சிவிலைசேஷன் 6-இல் எட்டு நிலைகள் உண்டு. பிரின்ஸில் இரு தரப்புக்கும் சலுகை கிடையாது. உச்சியில் இருக்கும் டெய்ட்டியில் கம்ப்யூட்டர் நகரம் அமைக்கும் செட்லர்கள் மூன்று பேரோடு ஆட்டத்தைத் தொடங்கும், நீங்கள் ஒன்றோடு. அங்கே தோற்றால் உங்கள் திட்டம் மோசம் என்று அர்த்தமாகாது, எதிராளி முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிட்டான்.

வேறு கேம்களில் மாறுவது அடியே அல்ல. பால்டர்ஸ் கேட் 3-இல் நடு நிலையான பேலன்ஸ்டில் ஒரு முழு ஓய்வுக்கு 40 அளவு உணவுப்பொருள் போதும், அதைவிடக் கடினமான டாக்டிஷியனில் 80 வேண்டும். விட்சர் 3-இல் கீழ் இரண்டு நிலைகளில் தியானத்தில் உட்கார்ந்து எழுந்தால் உயிர் நிரம்பிவிடும், மேல் இரண்டு நிலைகளில் நிரம்பாது. வாள் வீச்சில் கெட்டிக்காரராக இருப்பவரும் உணவு சேர்க்கப் பொறுமையில்லாமல் திணறுவது இதனால்தான்.

முதலில் சாவுக்குக் காரணம் கண்டுபிடியுங்கள்

மெனுவுக்குப் போகும் முன் கடைசி மூன்று சாவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் எதை இறக்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

அடி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் விரல் பட்டனை எட்டவில்லையா? வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வாங்கும் அடியைக் குறைக்க வேண்டும். சண்டை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே மருந்தும் தோட்டாவும் தீர்ந்துவிட்டனவா? எதிரியை விட்டுவிட்டு, கிடைக்கும் பொருளின் அளவை மட்டும் கூட்டுங்கள். எதிரியின் ஹெல்த் இறங்கவே இல்லை, ஆறாவது நிமிடத்தில் கவனம் சிதறி ஒரு தப்பு செய்கிறீர்களா? நீங்கள் கொடுக்கும் அடியைக் கூட்ட வேண்டும். அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்றால் டிஃபிகல்டியில் கை வைக்காதீர்கள். அக்சஸிபிலிட்டி மெனுவில் எதிரிகளைத் தனி நிறத்தில் காட்டும் ஹை கான்ட்ராஸ்ட், பெரிய எழுத்து, ஒலி வரும் திசையைக் காட்டும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா சுழலும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று: உங்கள் டிவி. இதைச் சரிபார்க்காமலே டிஃபிகல்டியை இறக்குபவர்கள் ஏராளம். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளால், நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கை அசைவதற்கும் இடையே தாமதம் விழுகிறது. சில டிவிகளில் சினிமா மோடில் அது 100 மில்லிசெகண்டைத் தாண்டும். கால் நொடிக்குள் வாளைத் தடுக்கச் சொல்லும் கேமில் பாதி நேரத்தை டிவியே தின்றுவிட்டால் உங்கள் விரல் என்ன செய்யும்? ரிமோட்டை எடுத்து பிக்சர் செட்டிங்ஸில் கேம் மோடைப் போடுங்கள். மோஷன் ஸ்மூத்திங் மாதிரி எது இருந்தாலும் அணையுங்கள். பிறகு கேமுக்குள் கிராபிக்ஸ் மெனுவில் குவாலிட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு இருந்தால் பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், 60 ஃபிரேம் என்றால் சுமார் 17 தான். இவ்வளவும் செய்துவிட்டு அதே சண்டைக்கு ஒரு முறை போய் வாருங்கள். பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவது உண்டு.

எதை எந்த வரிசையில் இறக்குவது

பொது விதி ஒன்று வைத்துக்கொள்ளலாம்: ஒரு நேரத்தில் ஒன்று, ஒரு படி மட்டும். மூன்று முறை முயன்ற பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கினால் எது உதவியது என்று தெரியாது, சண்டையும் சப்பென்று ஆகிவிடும்.

2018-இல் வந்த செலஸ்ட் இதற்கு நல்ல பயிற்சிக்களம். அதன் அசிஸ்ட் மோடை சேவ் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஆன் செய்ய வேண்டும். அதன்பின் ஆட்டத்தை நடுவே நிறுத்தும்போது வரும் மெனுவிலேயே அதற்கான பட்டியல் வரும். கேம் வேகத்தை 100 சதவீதத்திலிருந்து 50 வரை பத்துப் பத்தாக இறக்கலாம். ஸ்டாமினா தீராமல் வைக்கலாம், காற்றில் பாயும் டேஷை இரண்டாகவோ எல்லையில்லாமலோ ஆக்கலாம், கடைசியாக எதுவும் தாக்காத நிலை. வேகத்தை 90-இல் தொடங்குங்கள், பற்றாவிட்டால் 80. வேகம் குறைந்தாலும் அந்த அறையின் புதிர் அப்படியே இருக்கும். எங்கே பாய்வது, எதைப் பிடிப்பது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். டேஷைக் கூட்டினால் புதிரே மாறிவிடும், அதனால் அது இரண்டாவது. தாக்காத நிலையை, ஒரே அறையில் ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கழிந்த பிறகு தொட்டால் போதும்.

எங்கள் கணிப்பில், இந்த விஷயத்தை ஹேடீஸ் அளவுக்கு அழகாகச் செய்த கேம் குறைவு. ஆப்ஷன்ஸில் காட் மோட் என்று ஒன்று இருக்கிறது. பெயர் மிரட்டினாலும் உங்களை அது சாகாவரம் பெற்றவராக்காது. ஆன் செய்ததும் வாங்கும் அடியில் 20 சதவீதம் கழிகிறது. ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் கழியும், உச்சவரம்பு 80. அதாவது முப்பது முறை செத்தால்தான் முழுப் பலன். உங்களுக்கு எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவோடு அது நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் சேர்த்த சதவீதம் போகாது, கதையிலும் எதுவும் குறையாது. தயங்காமல் முதல் நாளே ஆன் செய்யுங்கள்.

த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஒட்டுமொத்த நிலைகளைத் தருவதோடு, அதை ஐந்தாகப் பிரித்தும் தருகிறது: நீங்கள் வாங்கும் அடி, எதிரிகள், கூட வருபவர்கள், மறைந்து நகர்வது, பொருட்கள். பயத்தைக் கெடுக்காமல் இறக்க வேண்டுமென்றால் எதிரிகளை மாடரேட்டிலேயே விடுங்கள். பொருட்களை மட்டும் லைட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோட்டா இருக்கிறது என்ற தைரியம் வந்தாலே பாதிச் சண்டைகள் வேறு மாதிரி ஆகிவிடும். ஒளிந்து போகும்போதே மாட்டிக்கொள்பவர்கள் மறைந்து நகர்வதை ஒரு படி இறக்கட்டும். ஷாடோ ஆஃப் த டூம் ரெய்டரும் சண்டை, தேடல், புதிர் மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சண்டை பிடிக்காது, புதிர் பிடிக்கும் என்பவர் சண்டையை ஈஸியிலும் புதிரை ஹார்டிலும் வைத்து ஆடலாம்.

கார் கேமில் எல்லோரும் செய்யும் தவறு, எதிராளியின் வேகத்தை முதலில் இறக்குவது. ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் திருப்பத்தில் கார் சுழன்று போனால் அதற்கு எதிராளி என்ன செய்வான்? டிராக்ஷன் கன்ட்ரோலையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் ஆன் செய்யுங்கள். எங்கே பிரேக் போடுவது என்று பிடிபடவில்லை என்றால் டிரைவிங் லைனை முழுதாகப் போடுங்கள். பழகியபின் பிரேக்கிங் மட்டும் காட்டும்படி மாற்றலாம். எங்கும் மோதாமல் ஓட்டியும் ஆறாவதாகவே வருகிறீர்கள் என்றால்தான் டிரைவடாரை, அதாவது எதிராளிகளின் திறமையை, ஒரு படி இறக்க வேண்டும். உதவிகளைப் போடுவதால் இழப்பது ரேஸ் முடிவில் வரும் கூடுதல் பணத்தை மட்டுமே.

மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

இறக்குவதற்கு முன் தனி சேவ் ஒன்று போட்டுவையுங்கள். சில கேம்களில் இந்த வழி ஒருவழிப்பாதை.

2018 காட் ஆஃப் வாரின் உச்ச நிலையைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தால் பிறகு இறங்க முடியாது, புது ஆட்டம்தான். அதற்குக் கீழுள்ள மூன்றையும் நடுவில் மாற்றலாம். சிவிலைசேஷன் 6-இல் ஓர் ஆட்டத்தின் நடுவே நிலை மாறாது. மைன்கிராஃப்டில் ஹார்ட்கோர் உலகம் ஹார்டிலேயே பூட்டப்பட்டிருக்கும், சாதாரண உலகத்தை எப்போது வேண்டுமானாலும் பீஸ்ஃபுல்லுக்குக் கொண்டுவரலாம். அதில் தாக்கும் மிருகங்கள் வராது, பசி எடுக்காது. ஆனால் பெட்ராக் பதிப்பில் சீட்ஸை (ஏமாற்றுக் கட்டளைகளை) ஆன் செய்தால் அந்த உலகத்தில் அச்சீவ்மென்ட் கிடைக்காது.

கப்ஹெட்டின் எளிய நிலையான சிம்பிள் ஒரு பொறி. அதில் பாஸை (கட்டத்தின் பெரிய எதிரியை) வீழ்த்தினாலும் ஆன்மா ஒப்பந்தம் கைக்கு வராது. எல்லா ஒப்பந்தங்களும் இல்லாமல் கடைசிக் கட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே சிம்பிளை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எதிரி எப்படித் தாக்குகிறான் என்று கற்றுக்கொண்டு ரெகுலரில் முடியுங்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் எளிய நிலையான எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஆளுக்கு போர்வீரன், மந்திரவாதி போன்ற இரண்டு வகுப்புகளைக் கலக்க முடியாது. அதற்கு ஆசைப்படுபவர்கள் 2023 நவம்பர் இறுதியில் ஐந்தாம் பேட்சோடு (அப்டேட்டோடு) வந்த கஸ்டம் மோடில், எதிரியின் பலத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ட்ரோஃபி சேர்ப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். விட்சர் 3-ஐ உச்ச நிலையான டெத் மார்ச்சில் முடித்ததற்கு ஒரு ட்ரோஃபி உண்டு; நடுவில் ஒரு சண்டைக்காக இறக்கினாலும் அது போய்விடும். ட்ரோஃபி வேண்டாமென்றால் அதே கேமில் ஒரே ஒரு சண்டைக்கு இறக்கி, முடிந்ததும் ஏற்றிவிடலாம்.

மெனுவே இல்லாத கேமில்

எல்டன் ரிங்கில் டிஃபிகல்டி என்ற வரியே கிடையாது. இருந்தும் அதை இறக்க வழிகள் ஏராளம்; மெனுவில் இல்லாமல் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

முதல் வேலை விகர், அதாவது ஹெல்த்தைக் கூட்டும் பண்பு. லெவல் ஏற்றச் செலவிடும் ரூன்களை வலிமையில் கொட்டிவிட்டு ஒரே அடியில் சாவதுதான் பெரும்பாலானோர் கதை. விகர் 25-இல் ஹெல்த் 800, 40-இல் 1450, 60-இல் 1900. 40 வரை ஒவ்வொரு புள்ளியும் கொழுத்த பலன் தரும், அதற்கு மேல் பலன் ஏறக்குறைய பாதி. எனவே 40-ஐ முதல் இலக்காக வையுங்கள். அடுத்து ஆயுதம். ஸ்மிதிங் ஸ்டோனால் சாதாரண ஆயுதம் +25 வரையும், சோம்பர் ஸ்டோனால் சிறப்பு ஆயுதம் +10 வரையும் ஏறும். அடி பலவீனமாக இருந்தால் லெவலைவிட இதை முதலில் பாருங்கள். மூன்றாவது எடை: சுமக்கும் அளவு 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளுவது கனத்துப்போய், சரியான நேரத்தில் அழுத்தினாலும் அடி விழும். ஒரு கவசத்தைக் கழற்றினாலே தீரும் பிரச்சினை இது.

ஸ்பிரிட் ஆஷ்களை (துணைக்குச் சண்டையிடும் ஆவிகளை) கூப்பிடும் மணியை, டோரண்ட் குதிரை கிடைத்தபின் எலே தேவாலயத்தில் ரென்னாவிடம் வாங்கலாம். துணைக்கு ஆள் வந்ததும் பாஸின் கவனம் பிரியும்; மருந்து குடிக்க அந்த இரண்டு நொடி போதும். கோல்டன் சீட்களைச் சேர்த்தால் மருந்துக் குடுவை 14 வரை கூடும். தொடக்கத்தில் வழிமறிக்கும் பாஸான மார்கிட்டிடம் முட்டி நிற்பவர்கள் அவனை விட்டுவிட்டுத் தெற்கே வீப்பிங் தீபகற்பம் போய் லெவல் ஏற்றி வாருங்கள். ஷாடோ ஆஃப் த எர்ட்ரீ விரிவாக்கத்தில் கணக்கு வேறு: அங்கே லெவலைவிட ஸ்காடுட்ரீ துண்டுகள்தான் முக்கியம், அவை தரும் ஆசியை 20 வரை ஏற்றலாம். அந்த நிலத்தில் ஒரே அடியில் செத்தால் துண்டுகள் குறைவு என்று அர்த்தம்.

சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது

மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி தேர்ந்தெடுக்கும் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தினால் ஸ்மார்ட் ஸ்டியரிங்கும் தானாக ஓடும் வசதியும் வரும். வண்டி பாதையை விட்டு விழாது. ஆனால் சில குறுக்கு வழிகளுக்குள் அது விடாது, திருப்பத்தில் சறுக்கிப் போகும் டிரிஃப்டின் மூன்றாம் கட்ட வேகமும் கிடைக்காது. பிள்ளை கொஞ்சம் தேறியதும் ஸ்டியரிங்கை முதலில் அணையுங்கள். எக்ஸ்பாக்ஸில் கன்ட்ரோலர் அசிஸ்ட் (முன்பு கோபைலட்) என்று ஒன்று உண்டு: இரண்டு கன்ட்ரோலர்களை ஒருவருடையது போலச் சேர்த்துவிடும். பிள்ளை நடக்கட்டும், கடினமான தாவலை மட்டும் நீங்கள் அழுத்துங்கள். பிஎஸ்5-இலும் 2023 முதல் இதே வசதி இருக்கிறது.

இறக்கியதை எப்போது ஏற்றுவது? தொடர்ந்து மூன்று சண்டைகளை மருந்து தொடாமல் முடித்தால், அல்லது பையில் மருந்து நிரம்பி வழிந்து தரையில் கிடப்பதை எடுக்க முடியவில்லை என்றால், ஒரு படி ஏற்றுங்கள். கடைசியாக இறக்கியதை முதலில் ஏற்றுங்கள். ஏற்றிய பின் இரண்டு சண்டை போட்டுப் பாருங்கள். பழைய சுவர் மறுபடி வந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.